பட்டத்தின் விதியும் ஆராய்ச்சியின் கதியும்

ஆராய்ச்சிப் பட்டத்தை யாருக்கு, எந்த நிபந்தனைகளின்மேல், எத்தனை ஆண்டுக் காலத்தில் அளிக்கலாம் என்பதை நாடு முழுவதற்கும் பொதுவாக வரையறுத்து, பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டில் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. ஏழாண்டு கழிந்து, 2016-இல், அதை விலக்கிவிட்டு வேறொன்றைச் செய்தது. பின்னும் ஆறாண்டு சென்றபின், 2022 நவம்பரில், அதனையும் களைந்து மூன்றாவதொன்றை அரசிதழில் ஏற்றியது. ஒரு மாணவன் பதிவு செய்துகொண்ட நாள் முதல் ஆய்வேட்டை முடித்துக் கொடுப்பதற்கு இடம் தரும் காலம் சாதாரணமாக ஆறு ஆண்டு என்பதை நினைத்தால், ஆராய்ச்சி மாணவரின் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு புதிய சட்டம் வாய்த்திருக்கிறது என்று சொல்லலாம். இப்படி அடிக்கடி உருமாறும் சட்டத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பொறுமையாகப் படிப்பவருக்கு வேறொரு விஷயம் புலப்படும். மாறியவற்றுள் பெரும்பாலானவை மாணவன் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள். நெறியாளரும் நிறுவனமும் தத்தம் கடமையில் பிந்தினால் மாணவனுக்கு என்ன பரிகாரம் என்ற கேள்விக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே மௌனத்தையே விடையாக வைத்திருக்கின்றன.

இந்தப் பட்டம் நம் மண்ணில் முளைத்ததன்று. 1810-இல் பெர்லினில் தோன்றிய பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மானிய நாடுகளில் வளர்ந்த ஆராய்ச்சி முறை, 1861-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் காலூன்றி, பழமையில் ஊறிய ஆக்ஸ்போர்டில் 1917-இல்தான் நுழைய இடம் பெற்றது. கற்றதை ஒப்பிப்பவனைக் காட்டிலும், கற்றதன்மேல் புதிதாக ஒன்றைச் சேர்ப்பவனே கல்வியின் உச்சத்தில் நிற்பவன் என்னும் உயர்ந்த இலட்சியம் அதற்கு உயிராக இருந்தது. ஆயினும், அமெரிக்கத் தத்துவ அறிஞரான வில்லியம் ஜேம்ஸ் 1903-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதி, கற்பிக்கும் திறமைக்குச் சான்றாகாத பிஎச்.டி. என்ற மூன்று எழுத்துக்களைக் கல்லூரிகள் தம் ஆசிரியர் பட்டியலுக்கு அலங்காரமாகத் தேடித் திரிகின்றன என்று வருந்தினார். அவர் அஞ்சியதை நாமோ சட்டமாகவே எழுதி வைத்தோம். 2009 விதிகளின்படி பட்டம் பெற்றவர்களுக்குத் தேசியத் தகுதித் தேர்வு எழுதுவதிலிருந்து விலக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக நுழைவதற்கே இப்பட்டம் கட்டாயம் என்று 2018-இல் விதித்து, அதை 2021 ஜூலை முதல் அமல் செய்வதாக அறிவித்து, பின்பு 2023 ஜூலைக்குத் தள்ளிவைத்து, அந்த ஜூலை வந்ததும் கட்டாயத்தையே கைவிட்டார்கள். விதிகளின் குணதோஷங்களை எடைபோடும்போது இதை மறக்கலாகாது. உண்மையை அறிய வேண்டும் என்ற தாகத்தால் வருபவனுக்கும், உத்தியோகத்திற்கு வேறு வழியின்றி வருபவனுக்கும் வாசல் ஒன்றே. வாசற்காவலுக்கென்று எழுதப்பட்ட சட்டம் இரண்டாமவனைச் சந்தேகிக்கும் கண்ணோடுதான் முதலாமவனையும் பார்க்கிறது.

எனினும், 2009-க்கு முன்பு இருந்த நிலையை மறந்துவிட்டு இவ்விதிகளைக் குறைகூறுவது நியாயமாகாது. அக்காலத்தில் பல பல்கலைக்கழகங்களில் நெறியாளர் ஒருவருடைய சம்மதக் கையெழுத்தும் கட்டணமும் இருந்தால் பதிவு கைகூடிவிடும். பதிவுக்கும் சமர்ப்பிப்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவன் என்ன படித்தான், எவரிடம் படித்தான் என்று கேட்பார் இல்லை. முடிந்த ஆய்வேடோ நூலக அலமாரியில் அடைக்கலம் புகுந்து, அதன் தலைப்பைக்கூட அடுத்த ஊரில் இருப்பவர் அறியாத வண்ணம் உறங்கும். நுழைவுத் தேர்வும், ஒரு பருவத்துக்குக் குறையாத பாடநெறியும், வெளித் தேர்வாளரும் எங்கும் கட்டாயம் என்று வகுத்ததோடு, தொலைநிலைக் கல்வி வழியாக இப்பட்டம் நடத்துவதையும் 2009 விதிகள் தடுத்தன. இவற்றுள் என் மதிப்பில் தலைசிறந்தது, படிப்பவர் பலர் கவனியாமலே கடந்து செல்லும் ஒரு சிறு விதி: பட்டம் பெற்ற ஆய்வேட்டின் மின்படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பது. ஷோத்கங்கா என்னும் அந்தக் களஞ்சியத்தில், நாகர்கோயிலில் இருக்கும் மாணவி கௌகாத்தியில் முடிந்த ஆய்வேட்டைத் தன் வீட்டிலிருந்தே புரட்டிப் பார்க்கலாம். நாவலாசிரியரின் பெயரை மட்டும் மாற்றி, அவர் நாவல்களில் பெண்கள் என்றும், அவர் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள் என்றும் தமிழ்த் துறைகளில் வழிவழியாகத் தலைப்புக் கொடுத்துவந்த வழக்கத்திற்கு, முன்பு செய்திருப்பது தெரியாது என்ற சாக்கு இனிச் செல்லாது. தலைப்புகள் அதனால் அதிகம் மாறியதாகத் தெரியவில்லை. ஆனால் சாக்கு போயிற்று, அதுவே ஒரு லாபம்.

பெண்களைக் கருதி 2016-இல் சேர்த்த சலுகைகளும் பாராட்டத் தக்கவையே. ஆறு ஆண்டுக்கு மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு, 240 நாள் பிரசவ விடுப்பு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு, திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால் அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்திற்கு எடுத்துச் செல்லும் உரிமை ஆகியவை, பாதியில் நின்றுபோன எத்தனையோ பதிவுகளின் அனுபவத்திலிருந்து பிறந்தவை என்பது படிக்கும்போதே தெரிகிறது. மனிதரின் வாழ்க்கையைக் கண்ணால் கண்டு எழுதிய இடங்கள் சட்டத்தில் சில உண்டென்றால் அவற்றுள் இது ஒன்று.

பாடநெறியைப் பற்றி இரு மனமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சி முறை, ஆய்வு நேர்மை, துறைசார் பாடம் என்று பயிற்சி தந்து, 12 மதிப்பலகுக்குக் குறையாமல் முடித்த பிறகே ஆய்வில் இறங்க வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நடைமுறையிலோ, ஆராய்ச்சி முறை என்ற பெயரில் எல்லாத் துறையினருக்கும் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் சமூகவியலார் தம் தேவைக்காக வகுத்துக்கொண்ட முறையே: வினாநிரல், மாதிரி எடுப்பு, கருதுகோள், அதைச் சோதிப்பது. இதன் விளைவைத் தமிழ் ஆய்வேடு எதனுடைய முன்னுரையிலும் காணலாம். ஆய்வுத் தலைப்பு, ஆய்வு நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம், இயல் பகுப்பு என்று உபதலைப்புகள் அணிவகுத்து நிற்க, சங்கப் பாடல்களில் இயற்கை வருணனை இடம்பெற்றுள்ளது என்பதை ஒரு கருதுகோளாக நிறுத்தி, முந்நூறு பக்கங்களுக்குப் பின் அது மெய்ப்பிக்கப்பட்டது என்று முடிவுரை சாதிக்கும். பொய்யாகப் போவதற்கு வழியே இல்லாத ஒன்றைக் கருதுகோள் என்று அழைப்பதில் உள்ள வேடிக்கை யாருக்கும் உறைப்பதில்லை. சுவடியைப் படித்து வரி பிரிப்பதும், பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு நல்ல பாடத்தைத் தேர்வதும், கல்வெட்டின் எழுத்தைக் கொண்டு காலம் கணிப்பதும், உரையாசிரியர் ஒருவர் மற்றவரை மறுக்கும் இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று நிதானிப்பதும் அல்லவோ தமிழ் ஆராய்ச்சியின் முறைகள்! அவற்றைப் பாடமாக வைக்க விதி தடையாக இல்லை என்பதும் உண்மை. விதி இடம் விட்டிருக்கிறது. துறைகள்தாம் எல்லார்க்கும் பொதுவாகக் கிடைக்கும் ஒரு கையேட்டை எடுத்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை 2022 விதிகள் அடியோடு நிறுத்தியதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அந்தப் பட்டம் தமிழ்நாட்டில் மலிந்து, தொலைநிலைக் கல்வியில் ஆயிரக்கணக்கானோர் பெற்று, பதவி உயர்வுக்கு ஒரு படியாகத் தேய்ந்துபோனது மெய்தான். ஆனாலும், முதுகலையில் பிறர் எழுதியதைப் படித்து மட்டும் பழகிய மாணவன், தானே ஒரு பொருளை எடுத்து நூறு பக்கம் எழுதிப் பார்த்து, தனக்கு இந்த வழி ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பாக அது இருந்தது. ஒத்துவராதவன் மானத்தோடு விலகிக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது. கெட்டதைச் சீர்திருத்தாமல் எடுத்தே விட்ட அதே கையால், நான்காண்டு இளங்கலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர் நேரே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்றும் எழுதினார்கள். விஞ்ஞானத் துறைகளுக்கு இது பொருந்தலாம். ஒரு மொழியின் இரண்டாயிரமாண்டு இலக்கியத்தில் இறங்க வேண்டியவனுக்கு இருபத்திரண்டு வயதில் இந்தத் துணிச்சல் நன்மை செய்யும் என்று நான் நம்பவில்லை.

எல்லாவற்றிலும் அதிகமான கேட்டைச் செய்தது, நல்ல எண்ணத்தோடு பிறந்த ஒரு நிபந்தனை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அறிஞர் மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009 விதிகள் கூறின. 2016 விதிகள் அதோடு கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகளும் படித்திருக்க வேண்டும் என்று சேர்த்தன. மாணவனின் ஆராய்ச்சி நெறியாளர் ஒருவருடைய பார்வையில் மட்டும் நின்றுவிடாமல் வெளியுலகின் விமரிசனத்துக்கு உட்பட வேண்டும் என்பது இதன் கருத்து. ஆனால் தேவை சட்டத்தால் பிறந்தால் சரக்கு சந்தையில் பிறக்காமல் இருக்குமா? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேற்றித் தரும் இதழ்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவர் வாழ்த்துரை அனுப்பியதைக் கொண்டு பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒருநாள் கூட்டங்கள் கல்லூரிதோறும் நடந்தன. பதிவுக் கட்டணம் செலுத்தினவர்களின் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் கனத்த தொகுதியாக, காலையிலேயே அச்சாகி மேடையில் அடுக்கப்பட்டிருக்க, அவற்றை எழுதினவர்கள் நான்கு அமர்வுகளில் ஆளுக்கு ஐந்து நிமிடம் படித்துவிட்டுச் சான்றிதழோடு பிற்பகல் பேருந்தைப் பிடித்தார்கள். விவாதித்துத் திருத்த வேண்டிய கட்டுரை விவாதத்துக்கு முன்பே நூலாகிவிட்டது என்ற முரண்பாட்டை யாரும் முரண்பாடாகக் கருதவில்லை.

இந்நோய்க்கு மானியக் குழு செய்த வைத்தியம் ஒரு தனிக் கதை. அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் ஒன்றை 2017-இல் வெளியிட்டது; தகுதியற்றவையும் அதில் நுழைந்துவிட்டன என்று கூக்குரல் எழவே, 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது; 2019-இல் 'கேர்' என்ற பெயரால் வேறொரு பட்டியலை நிறுவியது; 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எது நல்ல இதழ் என்பதைப் பல்கலைக்கழகங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கியது. இதற்கிடையில், 2022 விதிகளில் கட்டுரை வெளியிடும் கட்டாயமே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் மாணவர்களின் பாரம் இறங்கிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். மத்திய விதி வகுப்பது குறைந்த அளவுதான். அதன்மேல் ஏற்றிக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவை தயங்காமல் பயன்படுத்துகின்றன. ஒரு கட்டுரை தரமானதா என்று படித்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்க ஆள் இல்லாதபோது, அது எந்த இதழில் வந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை எழுத்தரிடம் போய்ச் சேருகிறது. பட்டியல்கள் தோன்றியதும் மறைந்ததும் இந்த ஒரு குறையை மூடுவதற்கே.

இதே குணம் கருத்துத் திருட்டைப் பற்றிய 2018 விதிகளிலும் தெரிகிறது. பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவீதம் வரை குற்றமில்லை. அதற்கு மேல் 40 வரை திருத்திக் கொடுக்கலாம். 60 வரை ஓராண்டுத் தடை. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. திருட்டை நாழியால் அளந்து தண்டிக்கும் இந்த ஏற்பாட்டில், ஒரு முழு இயலின் மூலக் கருத்தையே வேறொருவரிடமிருந்து எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டவன் குற்றமற்றவனாக வெளியே வருகிறான். தமிழில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள், இணையத்தில் ஏறிய எழுத்தோடுதான் ஒப்பிட முடியும். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அச்சான தமிழ் ஆய்வு நூல்களும் சிற்றிதழ்களும் பெரும்பகுதி தேடக்கூடிய எழுத்து வடிவில் அங்கே ஏறவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு நூலை வரிக்கு வரி பெயர்த்தெழுதினவனுக்கு அக்கருவி நற்சான்று கொடுத்துவிடும். அவனைக் கண்டுபிடிக்க வல்லவர் அந்த நூலைப் படித்திருக்கும் தேர்வாளர் ஒருவரே.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட மௌனத்துக்கு வருவோம். மாணவனுக்கு விதி வைத்திருக்கும் கெடு மிகத் தெளிவானது. குறைந்தது 3 ஆண்டு, மிகுந்தால் 6. மறுபதிவு செய்துகொண்டால் இன்னும் 2. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மொத்தம் 10. அதற்குமேல் வாயில் அடைபடும். தேசியத் தேர்வில் வென்றவருக்குரிய உதவித்தொகை, 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் இரண்டாண்டுக்குப்பின் 42,000 ரூபாயுமாக, மொத்தம் 5 ஆண்டோடு நின்றுவிடும். ஆறாவது ஆண்டில் அவர் எதைக் கொண்டு உண்பது என்பது விதியின் விசாரமன்று. உதவித்தொகை இல்லாதவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. மாணவன் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் நின்று தன் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். குழுவுக்குத் திருப்தி ஏற்படாவிட்டால் பதிவை ரத்துச் செய்யப் பரிந்துரைக்கலாம். ஏற்பாடு நல்லதே, ஆனால் அக்குழுவை அழைத்து நடத்தும் பொறுப்பு நெறியாளருடையது. எழுதிக் கொடுத்த இயலை ஓராண்டாகப் படிக்காமல் வைத்திருப்பவர் நெறியாளரே என்றால், அந்த முறையீட்டை அவர் கூட்டிய சபையில், அவர் முகத்துக்கு எதிரே, அவருடைய கையெழுத்தின்றி எந்தச் சான்றும் பெற முடியாத ஒரு மாணவி எழுந்து சொல்ல வேண்டும். சொல்லுவாளா?

ஆய்வேட்டைக் கொடுத்தபின் கதை இன்னும் தெளிவாகும். மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் ஆறு மாதத்திற்குள் முடியும்படி நிறுவனங்கள் தக்க முறைகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி மிருதுவாக மொழிகிறது. ஏழாவது மாதத்தில் என்ன நேரும்? ஒன்றும் நேராது. மாணவன் ஒரு மாதம் பிந்தினால் பதிவு போகும். பல்கலைக்கழகம் ஓராண்டு பிந்தினால் மாணவன்தான் மறுபடி அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். தேர்வாளரை நியமிக்கும் அதிகாரம் துணைவேந்தரிடம் இருக்க, அந்தப் பதவியே மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த காட்சியைத் தமிழ்நாடு அண்மையில் கண்டது. மானியக் குழு கண்டிப்பே காட்டுவதில்லை என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் விதிகளை மீறியதற்காக ஐந்தாண்டுக்குப் புதிய ஆராய்ச்சி மாணவரைச் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது. அது பட்டத்தையே விலைபொருளாக்குவோரை நோக்கிய கண்டிப்பு. சோம்பலுக்கும் அலட்சியத்துக்கும் அப்படி ஒரு கண்டிப்பு இன்னும் பிறக்கவில்லை. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு என்று மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியதை இதற்கு ஒரு மறைமுகமான பரிகாரமாகக் கொள்ளலாம். எட்டுப் பேருடைய எழுத்தைப் படிக்கக் கூடியவர் நான்கு பேருடையதையும் படிக்காமலே இருக்கலாம் என்பதை அவ்வரம்பு தடுக்காது.

வாய்மொழித் தேர்வு பொதுத் தேர்வாக, யாரும் வந்து கேட்கும்படி நடக்கிறது. ஸ்வீடனிலும் இது பொதுவே. அங்கே, ஆய்வேட்டை மூன்று வாரத்துக்கு முன்னரே வெளியிட்டுப் பல்கலைக்கழகச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடும் பழைய சம்பிரதாயம் இன்றும் இருக்கிறது. மறுத்துப் பேசுவதற்கென்றே வெளியிலிருந்து ஓர் அறிஞரை நியமிக்கிறார்கள்; சபை கேட்க அவர் மாணவனை மணிக்கணக்கில் வினவுகிறார். நம் ஊரில் சபைக்கு வருபவர் ஆய்வேட்டை முன்பாகக் கண்ணால் கண்டதில்லை. ஆய்வுச் சுருக்கத்தைக் கேட்டு, மூன்று வினாக்களுக்குப் பின் கைதட்டி, பொன்னாடை போர்த்துவதைப் பார்த்து, சிற்றுண்டி அருந்திக் கலைகிறார். இயன்றால் தேர்வாளருள் ஒருவர் வெளிநாட்டவராக இருக்கட்டும் என்று 2022 விதிகள் கூறுகின்றன. தமிழில் எழுதிய ஆய்வேட்டுக்கு அப்படிப்பட்டவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோதான் கிடைப்பார். அவர்கள் எண்ணிக்கை சிறிது. அவர்களை நோக்கிச் செல்லும் ஆய்வேடுகளோ ஏராளம்.

தேர்வாளர்கள் எழுதியனுப்பும் அறிக்கைகளை, ஆய்வேட்டோடு சேர்த்து, அவர்கள் பெயருடனேயே ஷோத்கங்காவில் ஏற்ற வேண்டும் என்று ஒரு விதி எழுதலாம். இதற்குப் பணம் தேவையில்லை. புதிய குழு எதுவும் அமைக்க வேண்டியதில்லை. அறிக்கை ஏற்கெனவே பதிவாளர் அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது. எல்லா ஆய்வேட்டுக்கும் ஒரே அரைப் பக்கப் பாராட்டை அனுப்பிவைப்பவர் யார், முந்நூறு பக்கத்தையும் படித்துப் பிழை காட்டி எழுதுபவர் யார் என்பது அப்போது நாட்டுக்குத் தெரியும். அறிக்கை வந்து சேர்ந்த தேதியும் அதிலேயே இருப்பதால், தாமதம் எவருடையது என்பதும் தெரியும். பெயர் வெளிப்பட்டால் தேர்வாளர் உள்ளதை எழுத அஞ்சுவார் என்று ஓர் ஆட்சேபம் வரும். பெயர் மறைந்திருந்த இத்தனை ஆண்டும் அவர் அஞ்சாமல் எழுதினார் என்றால், ஏற்கத் தகாதது என்று திருப்பியனுப்பிய ஆய்வேடுகள் எத்தனை என்ற கணக்கைப் பல்கலைக்கழகங்கள் முதலில் வெளியிடட்டும்.